பிறந்தநாளும் வேண்டாம், நானும் வேண்டாமா?

வணக்கம் மேடம்,

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். ஒரே மகள், ஆறாம் வகுப்பு. வருகிற சனிக்கிழமை அவளுக்கு 11 முடிகிறது. நந்தி மலைக்குப் போக 12 சீட் டெம்போ டிராவலர் பேசி, 3,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். ஓரகத்தி குடும்பம், நாத்தனார் குடும்பம் எல்லோரும் வருகிறார்கள். இரண்டு கிலோ கேக்குக்கும் சொல்லியாயிற்று. இப்போது வந்து, "நான் வரல, அன்னைக்கு ஸ்கூல்ல நடை இருக்கு" என்கிறாள்.

ஒரு முதியோர் இல்லத்துக்குப் பணம் திரட்ட, ஏரிப் பக்கமாக 5 கிலோமீட்டர் நடக்கிறார்களாம். கட்டாயமில்லை என்று அவளுடைய மிஸ்ஸே சொல்லிவிட்டார். ஆனாலும் பிடிவாதம். ஜனவரியில் ஓரகத்தி மகன் பிறந்தநாளை ரிசார்ட்டில் நாற்பது பேரைக் கூப்பிட்டுச் செய்தார்கள். நான் கேட்டது ஒரு நாள்தானே? யாரோ தெரியாத தாத்தா பாட்டிக்காக நடக்கிறவளுக்கு, பெற்றவள் ஆசை கண்ணில் படவில்லை. அவரிடம் சொன்னால், "விடு, அவ இஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருக்கு நவம்பரிலிருந்து வேலை இல்லை, அது வேறு விஷயம். வெளியில் யாருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பித்தான் போகிறார்.

இன்னொன்று, இப்போது பொய்யும் பழகியிருக்கிறாள். பணம் போடுகிறவர்கள் பெயர், தொகை, கையெழுத்து எழுத ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். யார் வீட்டு வாசலிலும் போய்க் கேட்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். மாடி வீட்டு ஆன்ட்டி, மாமா, சித்தி என்று ஒன்பது பெயரை அவளே எழுதி, அவளே விதவிதமாகக் கையெழுத்துப் போட்டு, உண்டியலில் இருந்த 340 ரூபாயைப் பிரித்துப் போட்டிருக்கிறாள். கேட்டால் அழுகிறாள். இவ்வளவு செய்தும் அவளுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேனா மேடம்?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

வண்டி, கேக், ஓரகத்தி, ரிசார்ட் என்று கடிதம் முழுக்க எழுதிவிட்டு, அந்தத் தாளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நாலு வரியை விட்டு நகர முடியவில்லை.

பொய் சொல்லுகிற பிள்ளை வசூலித்த பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். உங்கள் மகள் தன் உண்டியலை உடைத்து ஊரார் பெயரில் போட்டிருக்கிறாள். யாரிடமும் கேட்கக்கூடாது என்றீர்கள், கேட்கவில்லை. வெறும் தாளோடு பள்ளிக்குப் போனாலும் கேள்வி வரும். உங்கள் கட்டளையும் மீறக்கூடாது, வீட்டு மானமும் போகக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் அவளுக்குக் கிடைத்த வழி அது. போலிக் கையெழுத்து தவறுதான், அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் தினமும் காலையில் ஒரு பை வெளியே போய் மாலையில் திரும்புகிறதே, அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது.

மகளுக்குத் தெரியாது என்கிறீர்கள். நான்கு மாதமாக அப்பாவின் முகம் மாறியிருக்கும், சம்பளத் தேதியின் பேச்சு நின்றிருக்கும். பதினோரு வயதுப் பிள்ளைக்கு முழுக்கதை தெரியாமல் இருக்கலாம், ஏதோ சரியில்லை என்பது தெரியாமல் இருக்காது. சொல்லாத இடத்தைப் பிள்ளைகள் தங்கள் கணக்கால் நிரப்பிக்கொள்வார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் "என்னால்தான் செலவு" என்று முடியும். அவள் மறுத்தது உங்களை அல்ல, அந்த வண்டியை என்றே எனக்குப் படுகிறது. உங்களிடம் ஒரு ரூபாய் கேட்காமல் பிறந்தநாளைக் கழிக்க அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த நடை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நந்தி மலைப் பயணம் மகளுக்கானதா, ஓரகத்திக்கானதா? வேலை போன வீடு என்று யாரும் நினைத்துவிடக்கூடாதே என்ற பயம் எனக்குப் புரிகிறது. சொந்தக்காரர்களின் பேச்சு எப்படிக் குத்தும் என்பதும் தெரியும். ஆனால் அந்த பயத்தைச் சுமக்கும் வேலையை அவள் தோளில் வைக்காதீர்கள்.

வண்டியை ரத்து செய்யுங்கள். முன்பணம் திரும்பாவிட்டாலும், மீதி வாடகையும் டீசலும் டோலும் சாப்பாடும் மிச்சம். சொந்தக்காரர்களிடம் "பள்ளியில் நிகழ்ச்சி" என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. பிறகு ஒரு மாலையில், தூங்கப்போகிற நேரத்தில் அல்ல, கணவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து அவளிடம் சொல்லுங்கள். அப்பாவே வாய் திறந்து சொல்வது நல்லது. வேலை போனது, அதற்கு அவள் காரணமில்லை, எத்தனை மாதத்துக்குக் கையில் இருக்கிறது, அவளுடைய பள்ளியும் வீடும் என்ன ஆகும். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று மட்டும் முடிக்காதீர்கள். அவள் மனம்விட்டுப் பேச ஒருவராவது வேண்டும். மாமாவோ, சித்தியோ, யாரென்று அவளே சொல்லட்டும்.

அந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம். ஒன்பது பெயரையும் ஒற்றைக் கோட்டால் அடித்து, கீழே தன் பெயரையும் 340 ரூபாயையும் எழுதித் தன் கையெழுத்தையே போடட்டும். வகுப்பாசிரியையிடம் அவளோடு நீங்களும் போய் நில்லுங்கள். பிறகு மாடி வீட்டுக் கதவை இருவருமாகத் தட்டிப் பத்து ரூபாய் கேளுங்கள். கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்பதை உங்களைப் பார்த்துத்தான் அவள் கற்க வேண்டும்.

நடக்கிற அன்று புது ஷூ வேண்டாம், கொப்புளம் வரும். பழகிய ஷூவும் பருத்திச் சாக்ஸும் போதும். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, கையில் அரை லிட்டர் தண்ணீர். மார்ச் வெயில் பத்து மணிக்கெல்லாம் ஏறிவிடும். முடிந்ததும் அல்சூரில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கப்பன் பார்க். தபேபூயாவும் ஜகரந்தாவும் பூக்கிற பருவம், வேடிக்கை பார்க்கக் காசில்லை. கேக்கை அரைக் கிலோவாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரைப் பற்றியும் கவலைப்படுகிறேன். தூக்கமோ சாப்பாடோ குறைந்திருந்தால், பேச்சு நின்றுபோயிருந்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் உண்டு, இலவசம்தான். அவர் தயங்கினால் நீங்களே முதலில் பேசலாம். சனிக்கிழமை அவரையும் அவளோடு நடக்கச் சொல்லுங்கள், அந்தப் பை இல்லாமல். பெற்றோர் சேர்ந்து நடக்கலாமா என்று ஆசிரியையிடம் தாளைக் கொடுக்கிற அன்றே கேட்டுவிடுங்கள்.