உன் முறை, மஸ்ஸா

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெல்பர்னின் தென்கிழக்கே ஒரு சரக்குக் கிடங்கில் கணக்குப் பிரிவில் சேர்ந்து நாலு மாதமாகிறது. வேலை பிடித்திருக்கிறது, அவர்கள் பேச்சுதான் பிடிபடவில்லை. என் பெயரை ‘மஸ்ஸா’ என்று ஆக்கிவிட்டார்கள். நான் மாடாய் உழைத்து முடித்த இருப்புக் கணக்கைப் பார்த்து மேலாளர் ‘நாட் பேட்’ என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். மரத்திலிருந்து ‘ட்ராப் பேர்’ என்ற கரடி தலையில் குதிக்கும், காதுக்குப் பின்னால் வெஜிமைட் (ரொட்டியில் தடவும் பசை) தடவிக்கொள் என்றார்கள். நம்பினேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பப்புக்கு அழைத்துப்போனார்கள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. யாரோ வாங்கிக் கொடுத்த எலுமிச்சை பானத்தைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு ‘இவனுக்குப் பாக்கெட் ஆழம், கை குட்டை’ என்கிறார்கள். இதெல்லாம் அவமதிப்பா, சிநேகமா? டிசம்பர் விருந்துக்குத் ‘தட்டு கொண்டுவா’ என்றும் சொல்லியிருக்கிறார்கள். என்ன தட்டு?

மு., மெல்பர்ன்

அன்புள்ள மு.,

நீங்கள் எழுதியவற்றில் பப் விஷயம் ஒன்றில்தான் உங்கள் பக்கம் பாக்கி இருக்கிறது. மற்றதெல்லாம் சிநேகம். பாக்கியை முதலில் தீர்ப்போம்.

அன்று உங்களுக்குக் கிடைத்த எலுமிச்சை பானம் விருந்தோம்பல் கணக்கில் வராது. அது ஒரு ‘ஷவுட்’டின் பகுதி. நாலு பேர் பப்புக்குப் போனால் ஒருவர் எழுந்து நாலு பேருக்கும் வாங்கி வருவார். கோப்பைகள் காலியாகும் நேரத்தில் அடுத்தவர் எழுந்து நாலு பேருக்கும் வாங்குவார். இப்படியே சுற்று வரும். யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் அடுத்த முறை யாருடையது என்பது மேசையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். இதில் பெரிய தவறு ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவர் சுற்றில் குடித்துவிட்டு, தன் முறை வருமுன் கிளம்புவது. மறுநாள் அந்தப் பானத்துக்கான காசை நீட்டினாலும் சரியாகாது, இன்னும் மோசமாகும். நீங்கள் காசு வைத்திருக்கிறீர்களா என்பது அவர்கள் கவலை இல்லை. வரிசையில் நிற்கிறீர்களா என்பதே கேள்வி.

சரிசெய்வது சுலபம். அடுத்த வெள்ளிக்கிழமை உள்ளே நுழைந்ததும், யாரும் உட்காரும் முன், ‘மை ஷவுட்’ என்று சொல்லுங்கள். ஒவ்வொருவரிடமும் என்ன பானம், என்ன அளவு என்று கேளுங்கள். விக்டோரியாவில் ‘பாட்’ என்றால் 285 மில்லி, ‘ஸ்கூனர்’ 425, ‘பைன்ட்’ 570. அடிலெய்டுக்குப் போனால் இதே பெயர்கள் குழப்பிவிடும். அங்கே ஸ்கூனர் என்று கேட்டால் 285 மில்லிதான் வரும், வெறுமனே பைன்ட் என்றால் 425. முதல் சுற்றை வாங்கிக் கொடுத்தவர் ஒரு பானத்தோடு கிளம்பினால் யாருக்கும் மனத்தாங்கல் வராது, கொடுத்ததுதான் அதிகம், பெற்றது குறைவு. ஆறு பேருக்கு மேல் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரிந்துகொள்வார்கள், நீங்கள் ஒன்றில் ஒட்டிக்கொள்ளுங்கள். சுற்றில் சேரவே விருப்பமில்லையா? ‘வண்டி ஓட்ட வேண்டும், எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் போதும். அதை எல்லோரும் மதிப்பார்கள். முழு உரிமம் வைத்திருப்பவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05-ஐ எட்டக் கூடாது, விக்டோரியாவில் புது ஓட்டுநருக்கான ‘பி’ பலகை ஒட்டியவருக்குப் பூஜ்யம். ஆகவே பப்பில் குடிக்காமல் இருப்பவர் அங்கே அன்றாடக் காட்சிதான்.

குடிக்காதவர் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். குடிக்காதவர்களுக்கு வழக்கமாக வாங்கித் தருவது ‘லெமன் லைம் பிட்டர்ஸ்’. அதில் சில சொட்டு விடப்படும் அங்கஸ்டுரா பிட்டர்ஸ் சுமார் 45 விழுக்காடு ஆல்கஹால் கொண்டது. கோப்பையில் சேரும் அளவு மிகச் சொற்பம், போதை தராது. ஆனால் துளியும் கூடாது என்ற விரதம் உங்களுக்கு இருந்தால் ‘லெமன் ஸ்க்வாஷ்’ என்றோ ‘சோடா, லைம்’ என்றோ கேளுங்கள்.

ஷவுட்டை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், அவர்களுடைய கிண்டலும் இதே விதியில்தான் ஓடுகிறது. ஒருவர் உங்களை வாருகிறார் என்றால் உங்களுக்கு ஒரு சுற்று வாங்கிக் கொடுத்துவிட்டார் என்று பொருள். அடுத்தது உங்கள் முறை. பதிலுக்கு வாராமல் முகம் சிவந்தாலும் சரி, பணிவாகத் தலையாட்டினாலும் சரி, சுற்று உங்களிடம் வந்து நின்றுவிடும். ‘கை குட்டை’ என்றவரிடம் விளக்கம் சொல்லாதீர்கள். ‘ஆமாம், அதனால்தான் உன் கோப்பை எனக்கு எட்டவில்லை’ என்று சொல்லிவிட்டு ஒரு சுற்று வாங்கி வையுங்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

‘மஸ்ஸா’ நல்ல சேதி. ஆங்கிலப் பெயரின் நடுவே ‘ர’ ஒலி வந்தால் அதை ‘இஸட்’ ஆக்கிச் சுருக்குவது அவர்கள் பழக்கம். கேரி காஸ்ஸா ஆவார், பேரி பாஸ்ஸா, ஷேரன் ஷாஸ்ஸா. மரே (Murray) என்ற பெயர்க்காரர்கள்தான் வழக்கமாக மஸ்ஸா. உங்கள் பெயரிலும் அந்த ‘மு’வும் ‘ரு’வும் இருந்திருக்கும், அதே அச்சில் வார்த்துவிட்டார்கள். பிடிக்காதவரை முழுப்பெயர் சொல்லி, மிக மரியாதையாக அழைப்பார்கள். சுருக்கிய பெயர் கிடைத்துவிட்டால் நீங்கள் கூட்டத்தில் ஒருவர். ஆனாலும் முழுப்பெயரே உங்களுக்கு வேண்டும் என்றால் ஒருமுறை நேராகச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்வார்கள். சுருக்குவது ஆளுக்கு மட்டுமில்லை, எல்லாவற்றுக்கும் உண்டு. சர்வோ பெட்ரோல் நிலையம், பாட்டில்-ஓ மதுக்கடை, டிரேடி கைத்தொழிலாளி, ஆர்வோ பிற்பகல். ‘லாரி திஸ் ஆர்வோ வரும்’ என்றால் மதியம் 12 மணிக்கும் வரலாம், 5 மணிக்கும் வரலாம், மணி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்மோக்கோ என்பது தேநீர் இடைவேளை, புகைக்காதவர்களுக்கும் உரியது. அந்த நேரத்தில் மேசையை விட்டு எழாமல் வேலை பார்ப்பது சுறுசுறுப்பாகத் தெரியும் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். அங்கே அது ஒதுங்கல்தான். பேச்சு முழுக்க அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் நடக்கிறது. தயவுசெய்து எழுந்து போங்கள்.

ட்ராப் பேர் கதையை நம்பியதற்கு வெட்கப்படாதீர்கள். சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகமே தன் இணையதளத்தில் அந்த விலங்குக்கு ‘தைலார்க்டோஸ் பிளம்மெட்டஸ்’ என்று லத்தீன் பெயர் சூட்டி, வாழிடம், உணவு எல்லாம் போட்டு ஒரு பக்கமே வைத்திருக்கிறது. ஓர் அருங்காட்சியகமே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு இந்த விளையாட்டில் சேர்ந்திருக்கிறது என்றால், அங்கே நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்று புரியும்: சொல்பவர் சிரிக்கக் கூடாது. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்ததும் வெஜிமைட் பாட்டிலை நீங்களே எடுத்து நீட்டுங்கள், அன்று உங்கள் முறை கழிந்துவிடும்.

இந்த நகைச்சுவை ஆளைப் பார்த்து ஒதுங்குவதில்லை. பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட் 1967 டிசம்பர் 17 அன்று செவியட் கடற்கரையில் நீந்தப் போய்க் காணாமல் போனார், உடல் கிடைக்கவில்லை. அப்போது மெல்பர்னில் அவருடைய தொகுதியில் கட்டிக்கொண்டிருந்த நீச்சல் குளத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வைத்தது மரியாதைக்குத்தான். ஆனால் மெல்பர்ன்காரர் யாரும் அதைச் சிரிக்காமல் சொல்வதில்லை. 2005-இல் கான்பெர்ரா நாடாளுமன்றக் காவலர்கள் யாரையும் ‘மேட்’ என்று அழைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்ட் முதல் எதிர்க்கட்சிக்காரர் வரை எல்லோரும் எதிர்க்க, ஒரே நாளில் உத்தரவு தளர்ந்துபோனது. உங்கள் மேலாளரை ‘சார்’ என்று அழைத்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். பெயர் சொல்லுங்கள். ‘சார்’ அவர் காதில் தூரமாகவோ, சமயங்களில் நக்கலாகவோ விழும்.

அவர் சொன்ன ‘நாட் பேட்’ பாராட்டுதான். அங்கே அளவுகோலே ஒரு படி கீழே இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ‘நாட் பேட்’ என்றால் நன்று. ‘பிரிட்டி குட்’ என்றால் பிரமாதம். ‘எ பிட் ஆர்டினரி’ என்றால் மோசம், அதைக் கேட்டால்தான் கவலைப்பட வேண்டும். 43 டிகிரி வெயிலில் ‘கொஞ்சம் வெதுவெதுப்பு’ என்பார்கள். ‘யா, நா’ என்றால் இல்லை, கடைசிச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹௌ யா கோயிங்’ என்பதற்கு உடல்நிலை சொல்ல வேண்டாம், ‘நாட் பேட், யுவர்செல்ஃப்?’ என்று நடந்துகொண்டே சொன்னால் போதும். பாராட்டு வந்தால் அதில் பாதியை உடன் வேலை செய்தவருக்குத் தள்ளிவிடுங்கள். பட்டத்தையும் மதிப்பெண்ணையும் கேட்காமல் எடுத்து வைப்பவரைத் ‘தலை தூக்கிய பாப்பிச் செடி’ என்று வெட்டிவிடுவார்கள். மார்ச்சில் கால்பந்துப் பருவம் தொடங்கும்போது அலுவலகத்தில் ‘டிப்பிங்’ நடத்துவார்கள், சேருங்கள். வாரம்தோறும் யார் ஜெயிப்பார் என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த அணிக்கு ஆதரவு என்று சொல்லும்போது ‘பேரக்’ என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். இதே பொருளில் அமெரிக்கப் படங்களில் கேட்ட ‘ரூட்’ அங்கே படுக்கையறைக் கொச்சை.

இத்தனையும் சொன்ன பிறகு, ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எல்லாக் கிண்டலையும் விழுங்க வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் செய்ததை வைத்து வாருவது கிண்டல். நீங்கள் பிறந்த இனம், நிறம், கும்பிடும் சாமி, உச்சரிப்பு இவற்றை வைத்துத் திரும்பத் திரும்பக் குத்துவது கிண்டல் ஆகாது. அதில் முறை மாறுவதே இல்லை, எப்போதும் ஒரே ஆள்தான் வாங்கிக்கொண்டிருப்பார். ‘வேண்டாம்’ என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். நண்பர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் ‘தமாஷ் தாங்க மாட்டாயா’ என்று கேட்பவரிடம் வாதாடாதீர்கள். தேதி, நேரம், சொன்ன சொல், அருகில் இருந்தவர் யார் என்று அன்றன்றே குறித்துக்கொண்டு மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். 1975-ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுச் சட்டம் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தொடர்ந்த வேலையிடத் துன்புறுத்தலை நிறுத்தச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் 2014 முதல் ஃபேர் வொர்க் ஆணையத்துக்கும் உண்டு. நீங்கள் எழுதியவற்றில் அப்படிப்பட்டது எதுவும் இல்லை. ஆனாலும் இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால்தான் மற்ற இடத்தில் நிம்மதியாகச் சிரிக்க முடியும்.

இனி தட்டு. வெறும் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். எல்லோரும் பகிர்ந்து சாப்பிட ஒரு பதார்த்தம் செய்துகொண்டு வா என்பதுதான் அந்த அழைப்பு. ஆளுக்கொரு பதார்த்தம் வரும் என்பதால் இருபது பேருக்கு முழுச்சாப்பாடு சமைக்க வேண்டியதில்லை, முப்பது சிறிய மசால் வடை தாராளம். கையில் எடுத்து நின்றபடி சாப்பிடலாம், முட்டை, பால், கொட்டை எதுவும் இல்லை. மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள். பெருங்காயத்தைக் கவனியுங்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமை ஒவ்வாதவர் கூட்டத்தில் இருந்தால் ஆபத்து. அதை விட்டுவிடுங்கள், எண்ணெயும் புதிதாக இருக்கட்டும். என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். டிசம்பர் அங்கே கோடை, விருந்து திறந்தவெளியில் நடக்கலாம். ‘தாங்ஸ்’ போட்டு வரலாம் என்றால் ரப்பர் செருப்பைச் சொல்கிறார்கள்.

தேங்காய்ச் சட்னி கொண்டுபோனால் ஐஸ் போட்ட ‘எஸ்கி’ப் பெட்டியில் வையுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே 2 மணி நேரத்துக்குள் இருந்த உணவைத் திரும்பக் குளிரில் வைக்கலாம், 2 முதல் 4 மணி நேரம் ஆனால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும், 4 தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்பது அங்குள்ள உணவுப் பாதுகாப்பு வழிமுறை. சமையலறையிலும் காரிலும் போன நேரமும் இதில் சேரும். சட்னிக்கு ஒரு கரண்டியும் எடுத்துப் போங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான்.