ஓடுகிற பிள்ளையும் உயர் தரமும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்து பெற்றோரும் மாணவரும் கேட்டவை இவை. ஒரே விளையாட்டுக்கென்று காலையும் மாலையும் மைதானத்தில் நிற்கும் பிள்ளை பல்கலைக்கழகம் போவது எப்படி என்பதுதான் எல்லோருடைய கவலையும். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். சில பதில்கள் கசக்கும்.

மகன் 400 மீற்றர் ஓடுகிறான். அகில இலங்கைப் பாடசாலைகள் விளையாட்டுப் போட்டியில் பதக்கம் எடுத்தவன். விளையாட்டை வைத்தே பல்கலைக்கழகம் கிடைக்கும் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா? (ஒரு தந்தை, புதுக்குடியிருப்பு)

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் பல பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

விளையாட்டு, கலை போன்ற துறைகளில் தேசிய, சர்வதேச மட்டங்களில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட அனுமதி வழங்குகிறது. ஆனால் அதற்கு விண்ணப்பிப்பதற்கே பாடசாலையின் கடைசிப் பரீட்சையான உயர் தரத்தில் மூன்று பாடங்களும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். எல்லாரும் எழுதும் பொதுப் பரீட்சைத் தாளில் குறைந்தது 30 புள்ளி எடுத்திருக்க வேண்டும். ஒரு பாடம் போனாலும் ஆசியப் பதக்கம் உதவாது. அந்த ஒதுக்கீட்டின் இடங்களும் மிகக் குறைவு. நாட்டுக்காக ஓடியவர்கள், தேசிய அணியில் ஆடியவர்கள் எல்லாரும் அதே வரிசையில்தான் நிற்பார்கள்.

ஆகவே மகன் வழமையான விண்ணப்பத்தையும் போட வேண்டும், விசேட விண்ணப்பத்தையும் போட வேண்டும். உயர் தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பது உண்மைதான். அதற்காக முதல் தடவையை ஒத்திகையாக நினைக்க விடாதீர்கள். இருபது வயதுக்குட்பட்டோர் பிரிவைத் தாண்டிய பிறகு பாடசாலைப் போட்டியும் இல்லை, பெறுபேறும் இல்லை என்று நிற்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாகாண மட்டத்தில் முதலிடம் எடுத்திருக்கிறேன் சேர். அது போதுமா? (மாணவர், மல்லாவி)

விசேட அனுமதிக்குப் போதாது தம்பி. நேர்முகத் தேர்வுகளில் உதவும், வைத்திரும். வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறும் படியில் கடைசிப் படிதான் அங்கே கணக்கு. சேர் ஜோன் டார்பட் போன்ற கனிஷ்ட மெய்வல்லுநர் போட்டிகளுக்கும் உம்மைப் பதிவு செய்யுமாறு ஆசிரியரிடம் இப்போதே கேளும். கடைசி நாளில் ஓடிவந்து கேட்டால் அவரும் என்ன செய்வார்?

மகள் கரப்பந்தாட்டம் நன்றாக ஆடுவாள். கொழும்பில் பெரிய பாடசாலை ஒன்று விடுதியும் உணவும் தந்து எடுக்கிறோம் என்கிறது. இப்போது பத்தாம் ஆண்டு. அனுப்பலாமா? (ஒரு தாய், பரந்தன்)

அம்மா, வந்த கேள்விகளில் இதுதான் பெரியது. மைதானம், பயிற்றுநர், பிள்ளையின் பாதுகாப்பு பற்றியெல்லாம் விசாரித்திருப்பீர்கள். விசாரிக்காத ஒன்று இருக்கும்: மாவட்டம்.

அரச பல்கலைக்கழக இடங்களில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம்தான் நாடளாவிய திறமை வரிசை. 55 வீதம் மாவட்டங்களுக்கு மக்கள்தொகை விகிதப்படி பிரிகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு பிள்ளை எந்த மாவட்டம் என்பதை உங்கள் வீட்டு முகவரி மட்டும் தீர்மானிப்பதில்லை. உயர் தரத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்று பார்ப்பார்கள். கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்த உங்கள் மகள் கொழும்பிலிருந்து பரீட்சை எழுதினால் கொழும்பின் வெட்டுப்புள்ளியோடு, அதாவது அனுமதிக்கான ஆகக் குறைந்த புள்ளியோடு, மோத வேண்டி வரலாம். ஒரே இசட் புள்ளிக்கு (பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணக்கிடும் உயர் தரப் புள்ளி) இங்கே இடம் கிடைக்கும், அங்கே கிடைக்காது என்ற நிலை சர்வசாதாரணம்.

போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மகள் தேசிய கனிஷ்ட அணியின் வாசலில் நிற்கிறாள், இங்கே அவளுக்குச் சமமாக ஆட ஆளில்லை என்றால் போவதில் நியாயம் இருக்கிறது. வெறும் பாடசாலைக் கிண்ணத்துக்காக என்றால், அந்தக் கிண்ணம் அவர்களுடைய அலுமாரியில்தான் இருக்கும். முழங்கால் போனால் விடுதி தொடருமா, தமிழ் மொழிமூலம் உயர் தரத்தில் அவள் விரும்பும் பாடம் இருக்கிறதா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். தமிழிலேயே இருக்கிறது.

விளையாட்டையே பட்டமாகப் படிக்க விருப்பம். எங்கே படிக்கலாம்? (மாணவி, முழங்காவில்)

சப்ரகமுவா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியும் விளையாட்டு விஞ்ஞானமும் இருக்கின்றன. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் என்ற பாடநெறி இருக்கிறது. இப்படியான பாடநெறிகளுக்கு இசட் புள்ளியோடு பல்கலைக்கழகம் நடத்தும் உளச்சார்பு அல்லது செயன்முறைத் தேர்விலும் தேற வேண்டும். தேர்வுக்கான அறிவித்தல் தனியாக வரும். அதைத் தவறவிட்டால் புள்ளி இருந்தும் பயனில்லை. உயர் தரத்தில் எந்தப் பிரிவு படித்தவர் விண்ணப்பிக்கலாம் என்பது பாடநெறிக்குப் பாடநெறி மாறும். ஆகவே தங்கச்சி, பாடங்களைத் தெரிவு செய்யும் முன்னரே கைநூலைப் பாரும். கற்பிப்பது ஆங்கிலத்தில் என்பதையும் மனதில் வையும். உடலியங்கியலை ஆங்கிலத்தில் படிப்பது 1500 மீற்றரை விட மூச்சு வாங்கும்.

ஆசிரியராக வர விருப்பமென்றால் தேசிய கல்வியியற் கல்லூரிகளின் உடற்கல்விப் பாடநெறி இருக்கிறது. வர்த்தமானியில் அழைப்பு வரும். அதன் நேர்முகத் தேர்வில் உமது சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டு.

மாமா கனடாவில் இருக்கிறார். அமெரிக்கக் கல்லூரிகள் விளையாட்டுக்கு முழுப் புலமைப்பரிசில் தரும் என்கிறார். நான் ஈட்டி எறிகிறேன். என் தங்கை வலைப்பந்தாட்டம். (மாணவர், செட்டிகுளம்)

தங்கையின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகள் விளையாட்டுக்கு உதவிப்பணம் தரும் போட்டிகளில் வலைப்பந்தாட்டம் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. மெய்வல்லுநர், உதைபந்தாட்டம், பெண்களுக்குக் கரப்பந்தாட்டம் இருக்கின்றன. ஈட்டியும் இருக்கிறது.

அங்கே பெரும்பாலான கல்லூரிப் போட்டிகளை என்சிஏஏ என்ற சங்கம் நடத்துகிறது. அதன் முதலாம், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவிப்பணம் தரலாம். மூன்றாம் பிரிவு தருவதில்லை. ஹாவர்ட், யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் முதலாம் பிரிவில் ஆடினாலும் விளையாட்டுக்கென்று பணம் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவுகின்றன. மெய்வல்லுநரில் பயிற்றுநர்கள் கையிலுள்ள பணத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பதே வழமை. மாமா சொல்லும் 'முழு' கிடைப்பவர் சிலர்.

படிப்பு அங்கேயும் விடாது. முதலாம் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்களும், நான்குக்கு 2.3 என்ற சராசரியும் வேண்டும். தகுதியைச் சரிபார்க்க அந்தச் சங்கத்துக்குத் தனி நிலையம் உண்டு. அங்கே பதிவு செய்து பெறுபேறுகளை அனுப்ப வேண்டும். நம் பிள்ளைகள் சறுக்குவது இன்னோர் இடத்தில். பாடசாலை முடித்த நாளிலிருந்து அவர்கள் ஆடக்கூடிய காலத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த நாள் எது என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். உயர் தரத்தை மூன்று தடவை எழுதிக்கொண்டு கழகத்துக்கும் ஆடிக்கொண்டிருந்தால், ஆடக்கூடிய பருவங்களை இழக்க நேரிடலாம். சாதாரண தரம் முடிந்தவுடனேயே பதிவு செய்து உமது நிலையைக் கேட்டு வையும்.

பயிற்றுநருக்கு நீரே மின்னஞ்சல் எழுதலாம். உத்தியோகபூர்வப் போட்டியில் எறிந்த தூரம், திகதி, பக்கவாட்டிலிருந்து எடுத்த தெளிவான காணொளி, பெறுபேறு போதும். 'சிறுவயது முதலே எனக்கு விளையாட்டில் ஆர்வம்' என்ற பந்தி வேண்டாம். அந்தக் கல்லூரி வீரர்கள் எவ்வளவு தூரம் எறிகிறார்கள் என்பது இணையத்தில் இருக்கிறது. முதலில் அதோடு உம்மை ஒப்பிட்டுப் பாரும்.

ஒரு முகவர் விளையாட்டு மூலம் வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் எடுத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார். (ஒரு தந்தை, ஒட்டுசுட்டான்)

கொடுக்க வேண்டாம். காணியை ஈடு வைத்துக் கொடுக்கவே வேண்டாம்.

அமெரிக்காவிலேயே 2019 மார்ச்சில் 50 பேர் மீது வழக்குப் போட்டார்கள். விளையாடாத பணக்காரப் பிள்ளைகளை விளையாட்டு வீரர் என்று காட்டி, பயிற்றுநர்களுக்குக் கையூட்டுக் கொடுத்து இடம் வாங்கியதும் அதில் ஒரு குற்றம். சூத்திரதாரி வில்லியம் றிக் சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டு சிறை. உங்கள் மகன் உண்மையிலேயே ஆடுகிறவன். அவனுக்கு எதற்கு இந்த வழி? கல்லூரியின் கடிதம் கல்லூரியின் சொந்த மின்னஞ்சலிலிருந்து வந்ததா என்று பாருங்கள்.

பயிற்சிக்கும் படிப்புக்கும் நேரம் போதவில்லை. (மாணவி, நெடுங்கேணி)

உமக்குப் போதாது, உண்மைதான். அதிகாலைப் பயிற்சி, பாடசாலை, மாலைப் பயிற்சி, இடையில் கடைசி பஸ். இந்த நாளில் இரவு ரியூசனையும் சொருகினால் முதலில் போவது தூக்கம், அடுத்தது பின்தொடைத் தசை. ரியூசனைக் குறையும்.

மாரியை உமக்குச் சாதகமாக்கும். கார்த்திகை பிறந்தால் நம் மைதானங்களில் தண்ணீர் நிற்கும். அண்மைக் காலமாக உயர் தரப் பரீட்சையும் அதே நாட்களில் வருகிறது. 2024இல் வெள்ளத்தால் பரீட்சையையே சில நாட்கள் நிறுத்தினார்கள். எப்படியும் ஓட முடியாத அந்த மாதங்களைப் படிப்புக்கு ஒதுக்கி, கோடையில் பயிற்சியைக் கூட்டும். பயிற்றுநர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்ப் பேசும்.

முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது. எல்லாம் முடிந்ததா? (மாணவர், அடம்பன்)

விளையாட்டைப் பற்றி வைத்தியர்தான் சொல்ல வேண்டும். எடுத்த தேசியச் சான்றிதழ் காயத்தால் செல்லாமல் போகாது. இப்போது கிடைத்த நேரத்தில் பாடத்தைப் பிடியும்.

சான்றிதழ் ஒன்றில் மகளின் பெயர் பிழையாக இருக்கிறது. பிரச்சினை வருமா? (ஒரு தாய், விசுவமடு)

வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, விளையாட்டுச் சான்றிதழில் இன்னோர் எழுத்து என்று நேர்முகத் தேர்வில் திண்டாடுவோர் பலர். அதிபர் மூலம் வலயக் கல்வி அலுவலகத்தில் இப்போதே திருத்தக் கேளுங்கள்; விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்திய வாரத்தில் எந்த அலுவலகமும் அவசரப்படாது. மூலப்பிரதியை எவரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம், பயிற்றுநரிடம்கூட. ஒவ்வொரு போட்டி முடிந்ததும் பெறுபேற்றுத் தாளின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கி அதே கோப்பில் போடச் சொல்லுங்கள்.