நிரல் ஓடுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லையே?

கேள்வி: பேருந்து வரும் நேரத்தைப் பார்க்க, சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் சேவையிலிருந்து தகவல் எடுக்கும் கட்டளை வரி நிரல் ஒன்றை சி ஷார்ப்பில் எழுதினேன். பிழை எதுவும் காட்டாமல், எதையும் அச்சிடாமல் முடிந்துவிடுகிறது. ஏன்? – வாசகர், ஈசூன்

பதில்: கோளாறு இணையத்தில் இல்லை, நிரல் தொடங்கும் இடமான மெயினில் இருக்கிறது. கோரிக்கையை அனுப்பிவிட்டு, பதில் வருவதற்குள் மெயின் முடிந்துவிடுகிறது. மெயின் முடிந்தால் நிரலும் முடிந்தது. பின்னணி த்ரெட்களுக்காக, அதாவது பின்னணியில் இணையாக ஓடும் வேலைகளுக்காக, அது காத்திருக்காது.

'ஸ்டேட்டிக் வாய்ட் மெயின்' என்பதை 'ஸ்டேட்டிக் அசிங்க் டாஸ்க் மெயின்' என மாற்றி (டாஸ்க் என்பது பின்னர் முடியப்போகும் வேலையைக் குறிப்பது), தகவலைக் கேட்டு வாங்கும் கெட்ஸ்ட்ரிங்அசிங்க் அழைப்புக்கு முன், 'முடியும்வரை காத்திரு' எனச் சொல்லும் அவெய்ட் போடுங்கள். 2017இல் வந்த சி ஷார்ப் 7.1 முதல் இப்படி எழுதலாம். அவெய்ட் போடாமல் நேராக அச்சிட்டால் தகவலுக்குப் பதில் நீளமான டாஸ்க் வகைப் பெயர்தான் வரும். தனியாக ஒரு மெத்தட் எழுதியிருந்தால் அதுவும் டாஸ்க்கைத் திருப்பித் தர வேண்டும். 'அசிங்க் வாய்ட்' என்று எழுதினால் காத்திருக்க எதுவும் கையில் கிடைக்காது, பழைய கதைதான். மெயினை மாற்றிய பிறகு கம்பைலர் சிஎஸ்4014 என்று எச்சரித்தால் அலட்சியம் வேண்டாம். எங்கோ ஓர் அவெய்ட் விட்டுப்போயிருக்கிறது.

சிலர் அவெய்ட்டுக்குப் பதில், த்ரெட்டை நிறுத்திவைத்து விடையை வாங்கும் '.ரிசல்ட்' போட்டுச் சமாளிப்பார்கள். கட்டளை வரியில் ஓடிவிடும். அதே வரியை விண்டோஸ் ஃபார்ம்ஸ் பொத்தானுக்குள் ஒட்டினால் பதில் வரும் வரையாவது சாளரம் உறைந்து நிற்கும். பிழையும் அக்ரிகேட்எக்செப்ஷன் என்ற உறைக்குள் பொதிந்து வருவதால் காரணத்தைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். பழக்கப்படுத்திக்கொள்ளாதீர்கள்.

டேட்டாமால் ஒவ்வொரு கோரிக்கையிலும் உங்கள் சாவியைத் தாங்கிய 'அக்கவுன்ட்கீ' ஹெடரை, அதாவது தலைப்பு வரியை, கேட்கும். அதை டிஃபால்ட்ரிக்வெஸ்ட்ஹெடர்ஸில் ஒரு முறை சேர்த்தால் போதும். சாவியைக் குறிமூலத்தில் எழுதாமல், இயங்குதளம் நிரலுக்குத் தரும் சூழல் மாறியில் வையுங்கள். கோரிக்கைகளை அனுப்பும் எச்டிடிபிகிளையன்ட்டை ஒன்று மட்டும் உருவாக்கி எல்லா நிறுத்தங்களுக்கும் அதையே பயன்படுத்துங்கள். சுற்றுக்கு ஒன்று என உருவாக்கி மூடினால், மூடிய இணைப்புகளும் சிறிது நேரம் கணினியின் இணைப்பு வாயிலான போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். நிறுத்தங்கள் கூடும்போது போர்ட் தீர்ந்துபோகும்.

எச்டிடிபிகிளையன்ட்டின் இயல்பான காத்திருப்பு 100 வினாடி. பேருந்துக்குக் கிளம்புபவருக்கு அது அநியாயம். டைம்அவுட்டை 10 வினாடி ஆக்குங்கள். நேரம் கடந்தால் வருவது டாஸ்க்கேன்சல்டுஎக்செப்ஷன். சாவி தவறினாலோ இணைப்பு அறுந்தாலோ எச்டிடிபிரிக்வெஸ்ட்எக்செப்ஷன். இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து, வெவ்வேறு செய்தி காட்டுங்கள். வேறொரு ஸ்கிரிப்ட் இந்த நிரலை இயக்குமானால் மெயின் தன் டாஸ்க் வழியாக ஒரு முழு எண்ணைத் தரட்டும்: சரியானால் 0, தவறினால் 1.