ஒத்திவைத்த தீர்மானம் உயிரோடு இருக்கிறதா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச்சங்கப் பொதுக்கூட்டத்தில், மழைநீர் வடிகாலைத் தூர்வார வீட்டுக்கு 500 ரூபாய் வசூலிக்கும் தீர்மானம் வந்தது. விவாதம் தொடங்கியதுமே ஓர் உறுப்பினர் எழுந்து, "இதை இப்போதைக்கு ஒத்தி வையுங்கள்" என்றார். தலைவர் உடனே கை தூக்கச் சொன்னார். ஆதரவு 24, எதிர்ப்பு 21. தீர்மானம் அவ்வளவுதானா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இல்லை. ஆனால் தலைவர் அவசரப்பட்டுவிட்டார். எதற்காக, எதுவரை என்று கேட்காமல் ஒத்திவைப்பை வாக்குக்கு விடக் கூடாது.

முதலில் உங்கள் பைலாவையும் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தையும் பாருங்கள் (புதுச்சேரிச் சங்கங்களுக்கு 1860ஆம் ஆண்டுச் சட்டம்). அவற்றில் வழி இல்லையென்றால், அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876இல் வெளியிட்ட கூட்ட விதிகள் நல்ல துணை. சங்கம் முறைப்படி ஏற்றால்தான் அவை கட்டுப்படுத்தும்.

அந்த விதிகளில் 'மேசையில் வைத்தல்' என்பது, அதாவது தேதி குறிக்காமல் தீர்மானத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பது, வேறு அவசர வேலை குறுக்கிட்டால் மட்டுமே. சிறப்பு விருந்தினர் ரயிலுக்குக் கிளம்ப வேண்டும், அவரை முதலில் பேச விடுவோம் என்பது போல. வழிமொழிய ஒருவர் வேண்டும், விவாதம் கிடையாது, சாதாரணப் பெரும்பான்மை போதும். தவறு நடப்பதும் இங்கேதான். விவாதத்தை முடித்துவைக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 45 வாக்கு பதிவானால் 30. அதை 24 வாக்கில் சாதிக்க இது குறுக்குவழியாகிவிடுகிறது. 21 பேரின் வாயை அடைப்பது பெரிய அநியாயம். அவசர வேலை ஏதும் இல்லையென்றால் தலைவர் அதை ஏற்க மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.

தீர்மானம் பிடிக்காதவர்கள் 'காலவரையின்றி ஒத்திவைப்பு' கேட்கட்டும். அதிலும் பெரும்பான்மை போதும், ஆனால் வசூல் சரியா தவறா என்று எல்லோரும் பேசலாம். நிறைவேறினால் அந்தக் கூட்டத்தோடு தீர்மானம் போய்விடும். பின்னொரு கூட்டத்தில் புதிதாகக் கொண்டுவரத் தடையில்லை. ஒப்பந்ததாரரின் மதிப்பீடு கையில் இல்லை என்பதுதான் தயக்கம் என்றால், அடுத்த கூட்டத்துக்கு என்று குறித்து ஒத்திவையுங்கள். அப்போது ஒத்திவைப்பது சரியா, தேதி பொருந்துமா என்பதை மட்டும் பேசலாம். பேச்சே எடுக்கக் கூடாத விஷயம் என்றால், விவாதம் தொடங்கும் முன்பே ஆட்சேபிக்க வேண்டும். வழிமொழிதல் தேவையில்லை, மூன்றில் இரண்டு பங்கு எதிர்ப்பு தேவை. உங்கள் கூட்டத்தில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

கேள்வி: மேசையில் வைத்த தீர்மானம் அடுத்த கூட்டத்தில் தானாக வருமா?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: வராது. தேதி குறித்து ஒத்திவைத்ததுதான் நிகழ்ச்சி நிரலில் நிலுவைப் பொருளாகத் தானே வரும். மேசையில் வைத்ததை யாராவது "மீண்டும் எடுக்க வேண்டும்" என்று முன்மொழிந்து, வழிமொழிந்து, பெரும்பான்மையோடு எடுக்க வேண்டும். இடையில் வேறு அலுவல் ஏதாவது நடந்திருந்தால் அதே கூட்டத்திலும் எடுக்கலாம். மாதாமாதம் கூடும் சங்கமென்றால் அடுத்த கூட்டம் முடிவதற்குள் எடுக்காவிட்டால் காலாவதி. ஆகவே மினிட்ஸில் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எந்த வகை, எந்தத் தேதி வரை, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வாக்கு எண்ணிக்கை எல்லாம் இருக்கட்டும். பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் இந்த ஒற்றை வரியால்தான்.