பழைய டோப்போ ஷீட்டும் நீலகிரியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஹட்டியை (படுகர் ஊர்) சுற்றி முன்பு இருந்த பாதைகளை மாணவர்களோடு தேடப்போகிறோம். எந்த வரைபடத்தைக் கேட்டு வாங்குவது?
– ஆசிரியை, கோத்தகிரி

பதில்: சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட்டை, அதாவது மலை, ஓடை, பாதைகளைக் காட்டும் வரைபடத் தாளை, ஊர்ப் பெயரைச் சொல்லாமல் தாளின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கோத்தகிரி, குன்னூர் 58ஏ/15. ஊட்டி, எமரால்டு, அவலாஞ்சி 58ஏ/11. அப்பர் பவானி 58ஏ/12. கேத்திப் பக்கம் இருப்பவர்கள் 11, 15 இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, எல்லைக்கோடு அருகிலேயே ஓடுகிறது. பழைய தாள்களை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், பல்கலைக்கழகப் புவியியல் துறைகளிலும் விசாரியுங்கள். இன்றைய 1:50,000 தாளை சர்வே ஆஃப் இந்தியாவின் இணையத்தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். அங்கே எண்முறை வேறு. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் அமெரிக்க ராணுவத்தின் 1:250,000 வரைபடம் ஹட்டி தேட உதவாது. அதில் ஒரு கிலோமீட்டர் வெறும் 4 மி.மீ.தான்.

தாள் கைக்கு வந்ததும் ஓரக்குறிப்பில் அளவை நடந்த ஆண்டைப் பாருங்கள். அச்சிட்ட ஆண்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். பழைய அளவையை வைத்துக்கொண்டே சாலை, ரயிலை மட்டும் திருத்தி மறுபடி அச்சிடுவது வழக்கம். அப்படிப்பட்ட தாளில் சாலை ஒரு காலத்தையும் காடும் வீடுகளும் வேறு காலத்தையும் காட்டும். மலை ரயில் குன்னூருக்கு 1899-இலும் ஊட்டிக்கு 1908-இலும் வந்தது. தண்டவாளம் குன்னூரோடு நின்றால், ரயில் திருத்தம் அந்த இடைக்காலத்தது என்று கொள்ளலாம்.

கேள்வி: பழைய ஒரு அங்குலத் தாளை (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம், 1:63,360) கணினியில் இன்றைய வரைபடத்தின் மேல் வைத்தேன். பாதை ஓடைக்குள் இறங்குகிறது. பழைய அளவை தவறா?
– வாசகர், குன்னூர்

பதில்: அளவையைக் குறை சொல்லுமுன் மூன்று காரணங்களைப் பாருங்கள்.

முதலாவது காகிதம். மலை ஈரத்தில் காகிதம் நீளும், காய்ந்தால் சுருங்கும். 1:63,360 தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 63 மீட்டர். உங்கள் தாளின் வடக்கு–தெற்கு நீளம் சட்டத்துக்குள் சுமார் 43.6 செ.மீ. இருக்க வேண்டும். அளந்து பாருங்கள், 2 மி.மீ. குறைந்தாலே நூறு மீட்டருக்கு மேல் பிசகும். மடிப்பு விழுந்த தாளை கைப்பேசியில் படம் எடுத்தால் இன்னும் மோசம். தட்டையான ஸ்கேனரில் 300 டிபிஐக்குக் குறையாமல் எடுங்கள்.

இரண்டாவது ஆயமுறை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிட பூமியின் வடிவத்தை எப்படிக் கொள்வது என்ற அடிப்படை. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டத்தை வைத்து வரையப்பட்டவை, கைப்பேசி டபிள்யூஜிஎஸ் 84-ஐ வைத்து இயங்குகிறது. மூலைகளின் எண்களை அப்படியே தட்டினால் நூறு, இருநூறு மீட்டர் நகர்ந்துவிடும். க்யூஜிஐஎஸ் மென்பொருளில் தாளுக்கு ‘கல்யாண்பூர் 1975’ ஆயமுறையைத் தேர்ந்தெடுத்தால் இதில் பெரும்பங்கு சரியாகும். 19-ஆம் நூற்றாண்டுத் தாள் என்றால் தீர்க்கரேகைத் திருத்தம் பற்றிய குறிப்பு ஓரத்தில் உண்டா என்று பாருங்கள். சென்னை வானாய்வகத்துக்கு அன்று கொண்டிருந்த பழைய மதிப்பால் தீர்க்கரேகை ஏறக்குறைய இரண்டரை நிமிடம் (ஒரு பாகைக்கு 60 நிமிடம்) தள்ளும். இங்கே அது 4 கி.மீ.க்கு மேல்.

மூன்றாவது, இருப்பதில் முக்கியமானது, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒப்புப்புள்ளிகள், அதாவது இரண்டு வரைபடத்திலும் அடையாளம் தெரியும் ஒரே இடங்கள். நான்கு மூலைகளோடு நிறுத்தாமல் தாளுக்குள் ஆறேழு புள்ளிகளாவது வையுங்கள். சாலை வளைவை எடுக்க வேண்டாம், அகலப்படுத்தும்போது அது இடம் மாறியிருக்கும். உங்கள் தாளில் மலை ரயில் ஒரு வரம். ஹில்குரோவ், ரன்னிமேடு ஸ்டேஷன்களையும் பாலங்களையும் எடுங்கள். முக்கோணக் குறியுள்ள சிகரங்களும் பாறைப்பகுதியில் இரண்டு ஓடைகள் கூடும் இடங்களும் நம்பலாம். புள்ளிகள் ஒரே பள்ளத்தாக்கில் குவிந்தால் மறுகோடி கோணும். தாள் முழுக்கப் பரப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அடர்ந்த சோலைக்குள் ஓடை விலகி நின்றால், அங்கே அளவையாளர் மேசைப்பலகையில் கண்மதிப்பாக வரைந்திருக்கலாம். சமஉயரக்கோடு உடைந்த கோடாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: எமரால்டு அணைக்குள் மூழ்கிய பாதைகளைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், மஞ்சூர்

பதில்: முடியும். குந்தா மின்திட்டப் பணிகள் தொடங்கும் முன், அதாவது 1950-களின் நடுப்பகுதிக்கு முன் அளந்த 58ஏ/11 தாள் தேவை. அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டத்தை மீட்டரில் கேட்டறிந்து 0.3048-ஆல் வகுத்தால் அடி கிடைக்கும். 2000 மீட்டர் என்றால் 6562 அடி. அந்த உயரத்தைப் பழைய தாளில் சமஉயரக்கோடுகளுக்கு இடையே பென்சிலால் வரைந்து வாருங்கள். கோடுகளுக்கிடையே எத்தனை அடி என்பது ஓரத்தில் அச்சாகியிருக்கும். பென்சில் கோட்டுக்குள் விழும் ஒற்றையடிப் பாதை, மந்து (தோடர் குடியிருப்பு), பங்களா எல்லாம் நீருக்கடியில் போனவை. பாதை மறுகரையில் ஏறும் புள்ளியைக் குறித்துக்கொண்டு அங்கே தேடுங்கள். தடம் மிஞ்சியிருந்தால் அங்கேதான் இருக்கும். தாளில் குறிக்காததால் அங்கே வீடே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். சிறு குடிசைகளைப் பலமுறை விட்டிருக்கிறார்கள். தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவில் கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் (ஊரின் நில விவரப் பதிவேடு) பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பழைய தாளில் உள்ள, நீலகிரியிலிருந்து மேற்கே கேரளத்துக்கு இறங்கும் சிஸ்பாரா பாதையில் இன்று நடக்கலாமா?
– வாசகர், ஊட்டி

பதில்: வனத்துறை எழுத்துப்பூர்வ அனுமதி தந்தால் மட்டும். அந்தப் பக்கம் முக்கூர்த்தி தேசியப் பூங்கா. வரைபடத்தில் பாதை இருப்பது அனுமதி ஆகாது.