முதல் சான்றிதழ் யாருடையது?

கேள்வி: அமெரிக்காவில் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள், பெரியவர்களான பிறகும் தங்கள் முதல் பிறப்புச் சான்றிதழைப் பெற முடியாத மாநிலங்கள் உண்டு என்று படித்தேன். பெயரை வெளியிடமாட்டோம் என்று பெற்ற தாய்க்கு அளித்த வாக்கைக் காப்பதற்காகவே அப்படி என்கிறார்கள். அது நியாயம்தானே?

பதில்: கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடைமுறையைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. பெற்றவள் பெயருடன் பதிவான சான்றிதழ், பொதுவாக, அவள் குழந்தையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும் நாளில் மூடப்படுவதில்லை; தத்து நீதிமன்றத்தில் உறுதியான பிறகே, வளர்ப்புத் தாயே பெற்றெடுத்ததுபோல் காட்டும் புதிய சான்றிதழ் தயாராகி, பழையது யாரும் பார்க்க முடியாதபடி முத்திரையிட்டு மூடப்படுகிறது. யாரும் தத்தெடுக்க முன்வராத குழந்தையின் பதிவோ அப்படியே இருக்கும். தாயின் இரகசியம்தான் நோக்கமென்றால் அதையும் அல்லவா மூடியிருக்க வேண்டும்? கான்சஸும் அலாஸ்காவும் பெரியவர்களான தத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பதிவை ஒருபோதும் மறுத்ததில்லை. ஸ்காட்லாந்தில் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இந்த உரிமை இருக்கிறது.

ஓரிகன் மாநிலத்தில் 21 வயதானவர்களுக்குச் சான்றிதழைத் தரலாம் என்று 1998-இல் மக்களே வாக்களித்தார்கள். தாய்மார் சிலர், தங்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்ததாக வழக்குத் தொடுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 1999-இல் ஏற்க மறுத்தது. மறு ஆண்டு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவர்களுடைய அச்சத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. பிள்ளை பிறந்ததையே கணவரிடம் சொல்லாமல் வாழ்ந்துவிட்ட பெண்ணுக்கு, ஒருநாள் வாசலில் யாரோ வந்து நிற்கக்கூடும் என்பது சாதாரணக் கவலையா? அதற்காகவே அங்கே ஒரு படிவம் உண்டு. நேரில் தொடர்பு கொள்ளலாம், இடையில் ஒருவர் மூலம் வரலாம், இப்போதைக்கு வேண்டாம் என்ற மூன்றில் ஒன்றைப் பெற்றவர் அதில் குறிப்பிடலாம். சான்றிதழைத் தருவது வேறு, உறவாட வற்புறுத்துவது வேறு என்பதை அந்தப் படிவம் சரியாகவே பிரித்துவிடுகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். சான்றிதழ் கிடைக்காதவர் இன்று மரபணுப் பரிசோதனைக்குப் போகிறார். அதில் சிக்குவது பெரும்பாலும் தாய் அல்ல, தாயின் ஒன்றுவிட்ட சகோதரியோ அவருடைய பிள்ளையோதான். அவர்களிடம் விசாரித்துக்கொண்டே போனால், தாயைச் சென்றடைவதற்குள் விஷயம் குடும்பம் முழுவதும் பரவிவிடும். சான்றிதழில் பெயர் இருந்தால் நேராக அவருக்கே ஒரு கடிதம் எழுதலாம்.

உங்கள் கேள்வி உண்மையிலேயே பொருந்துவது பிரான்சுக்குத்தான். அங்கே பெயரைச் சொல்லாமலே பிள்ளை பெறும் உரிமையைச் சட்டமே தாய்க்குத் தந்திருக்கிறது. பிள்ளை பின்னாளில் விண்ணப்பித்தால், 2002-இல் சட்டமியற்றி அமைக்கப்பட்ட தேசிய அமைப்பு தாயைத் தேடிக் கண்டுபிடித்து, இரகசியத்தை விலக்கச் சம்மதமா என்று கேட்கிறது. அவர் மறுத்தால், அவர் உயிரோடு இருக்கும்வரை பெயரை வெளியிடுவதில்லை.