கிரேடை விடுங்கள், வலது கையைப் பாருங்கள்: லண்டனுக்குப் புதிதாக வந்த ஒரு தந்தைக்கு

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன், இதே கேள்வியோடு வருகிற மற்றவர்களுக்கும் உதவும். சென்னையிலிருந்து ஹாரோவுக்கு வந்து மூன்று மாதம். மகளுக்குப் பதினொரு வயது, செப்டம்பரில் ஏழாம் ஆண்டு. ஊரில் டிரினிட்டி வாரியத்தின் இசைத் தேர்வில் மூன்றாம் கிரேடு முடித்திருக்கிறாள், ஆனால் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) பிடித்து வாசிக்கும் கிட்டாரில். இப்போது நைலான் கம்பியை விரலால் மீட்டும் கிளாசிக்கல் கிட்டாரைத் தீவிரமாகப் படிக்க ஆசைப்படுகிறாள். இசைக் கல்லூரிகளின் சனிக்கிழமை ஜூனியர் பிரிவில் இடம் கிடைக்குமா, அதற்காக அடுத்த வருடமே ஐந்தாம் கிரேடு எழுதவைக்கலாமா, கொண்டுவந்த கிட்டார் போதுமா, படிப்பு கெடுமா?

ஐந்தாம் கிரேடை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நம் வீடுகளில் சான்றிதழை மாட்டி வைக்கிற பழக்கம் கடல் தாண்டியும் போகவில்லை. ஜூனியர் பிரிவுக்கான ஆடிஷனில், அதாவது நேரில் வாசித்துக் காட்டும் தேர்வில், உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பது வேறு: கை தளர்வாக இருக்கிறதா, ஒலி நன்றாக இருக்கிறதா, காது வேலை செய்கிறதா, சொல்லிக் கொடுத்ததை அந்தப் பத்து நிமிடத்திலேயே மாற்றி வாசிக்க முடிகிறதா. பிக்கில் எடுத்த மூன்றாம் கிரேடு அவளுடைய இடது கைக்கும் தாளத்துக்கும் நிச்சயம் உதவும். வலது கைக்கு அவள் புதிதாகத்தான் தொடங்குகிறாள். ஒன்றரை முதல் இரண்டு வருடம் அந்தக் கைக்கு ஒதுக்குங்கள்.

அந்த வேலை இப்படி இருக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிர விரல் நான்கும் மீட்டும், சுண்டுவிரலுக்கு வேலை இல்லை. கம்பியைத் தள்ளிய விரல் அடுத்த கம்பியில் சாய்ந்து நின்றால் அப்போயாந்தோ, எதையும் தொடாமல் உள்ளங்கைப் பக்கம் போனால் திராந்தோ. இரண்டும் வேண்டும். தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தவறு, ஒரே விரலால் அடுத்தடுத்து இரண்டு ஸ்வரம் வாசிப்பது. மெதுவாக வாசிக்கும்போது இது தெரியாது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டிலிருந்து 100-க்கு ஏற்றினால் விரல் சிக்கி நிற்கும். கம்பி மாறும் இடத்தில்தான் இது பெரும்பாலும் நடக்கும், அந்த இடத்தை மட்டும் தனியாக எடுத்து ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி, நடு என்று வாயால் சொல்லிக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். கிட்டார் இசையமைப்பாளர் ஜூலியானியின் ஓபஸ் 1-இல் (ஓபஸ் என்பது படைப்பு எண்) வலது கைக்கென்றே 120 பயிற்சிகள் உண்டு. இடது கைக்கு இரண்டே கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), சி-யும் ஜி7-உம். இரண்டு நாளைக்கு ஒன்று போதும்.

பாட்டுக்குக் கார்காசி, சோர் என்ற இரண்டு இசையமைப்பாளர்கள்: கார்காசியின் ஓபஸ் 60, சோரின் ஓபஸ் 60. ஆமாம், இரண்டுக்கும் ஒரே எண், இரண்டிலும் 25 பாடம். கடையில் எண்ணை மட்டும் சொல்லி மாற்றி வாங்கி வருகிறவர்கள் ஏராளம். சோர்தான் எளிது, அதிலிருந்து தொடங்குங்கள். அல்பெனிஸின் ‘அஸ்தூரியாஸ்’ பக்கம் இப்போது போகவிடாதீர்கள். பியானோவுக்கு எழுதியது அது; அரைகுறை வேகத்தில் தடதடவென்று வாசித்தால் தேர்வாளர் காதில் இரைச்சல்தான் விழும்.

இன்னொரு பள்ளம், டேப்: எந்தக் கம்பியில் எங்கே அழுத்துவது என்று எண்ணால் எழுதும் முறை. எண்ணைப் பார்த்து வாசித்துப் பழகிய பிள்ளைகள் சைட் ரீடிங்கில், அதாவது புது இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிப்பதில், உட்கார்ந்துவிடுவார்கள். பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு கட்டைதான். கிட்டாரில் முதல் கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வரும் அதே ‘ஈ’ ஸ்வரம் இரண்டாம் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலும் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மூன்றாம் கம்பியில் ஒன்பதாம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது. அதனால்தான் கிட்டார் பிள்ளைகள் குறிப்பைப் பார்த்து வாசிப்பதில் பின்தங்குகிறார்கள். தினம் நான்கு வரி, புதிது, நிறுத்தாமல், தவறினாலும் திரும்பிப் போகாமல். ஐந்து நிமிடம் போதும், ஆனால் தினமும். ஏபிஆர்எஸ்எம் என்ற இன்னொரு தேர்வு வாரியத்தில் ஆறாம் கிரேடு முதல் செய்முறைத் தேர்வு எழுத ஐந்தாம் கிரேடு தியரி கையில் இருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் கிடையாது. எந்த வாரியமானாலும் தியரியை முதலில் முடித்துவிடுவது நல்லது.

கர்நாடக சங்கீதம் இரண்டு வருடம் பாடியிருக்கிறாள் என்றீர்கள். விடவேண்டாம். ஆடிஷனில் ஒரு வரியைப் பியானோவில் வாசித்து, திரும்பப் பாடு என்பார்கள். சரளி வரிசை பாடிய பிள்ளைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஒன்றே ஒன்று கவனியுங்கள்: ஸ்வரத்தை நேராகப் பிடித்துப் பாடவேண்டும், கமகம் போட்டால் எந்த ஸ்வரம் என்று அவர்களுக்குப் புரியாது.

இனி கருவி. நீங்கள் கொண்டுவந்தது ஸ்டீல் கம்பிக் கிட்டார் என்றால் அது இந்த வேலைக்கு ஆகாது. நைலான் கம்பி மாட்டினாலும் ஆகாது, கழுத்தும், கம்பியைக் கட்டும் பாலமும் வேறு. முழு அளவுக் கிட்டாரில் கம்பி நீளம் 650 மில்லிமீட்டர். பதினொரு வயதுக்கு அதைவிடச் சற்றுக் குறைந்த 7/8 அளவு பெரும்பாலும் சரியாக இருக்கும். வயதை வைத்து வாங்காமல் கடையிலேயே சோதியுங்கள்: இடது காலைக் கால்மணையில் வைத்து உட்காரவையுங்கள், ஆறாம் கம்பியில் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலும் நான்காம் ஃப்ரெட்டில் சுண்டுவிரலும் வைக்கட்டும். மணிக்கட்டு முறுக்கினாலோ தோள் தூக்கினாலோ அளவு பெரிது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் ஆறாம் கம்பிக்கு 4 மில்லிமீட்டரையும், முதல் கம்பிக்கு 3-ஐயும் தாண்டக்கூடாது. பழைய கிட்டாரானால் முதலில் அளப்பது இதைத்தான்.

வாங்குமுன் பள்ளியில் ஒரு வார்த்தை கேளுங்கள். அரசுப் பள்ளியில் கருவிப்பாடம் படிக்கும் மாணவருக்கு, பள்ளி அல்லது கவுன்சில் வழியாக 20 சதவீத வாட் வரி இல்லாமல் கருவி வாங்கும் திட்டம் இங்கிலாந்தில் இருக்கிறது. தெரியாமல் முழு விலை கொடுப்பவர்களே அதிகம்.

சென்னை ஈரத்தில் பழகிய மரம் இங்கே ஹீட்டர் போட்ட வீட்டில் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் ரேடியேட்டர் சூடாகத் தொடங்கியதும் அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக்கூட இறங்கும். கிட்டாருக்கு வேண்டியது 45 முதல் 55. முதலில் கழுத்தின் ஓரத்தைத் தடவினால் ஃப்ரெட் கம்பியின் முனை கையைக் குத்தும். மரம் சுருங்கியிருக்கிறது, உலோகம் சுருங்கவில்லை. அடுத்து மேற்பலகை உள்வாங்கி, கம்பி தாழ்ந்து, கிர்ரென்று அடிக்கும். அதற்குப் பிறகு விரிசல். பத்துப் பவுண்டு ஈரமானியும் பெட்டிக்குள் வைக்கும் ஈரப்பஞ்சும் போதும். பஞ்சிலிருந்து நீர் சொட்டக்கூடாது. வாசிக்காத நேரம் பெட்டி மூடியே இருக்கட்டும். நல்ல கிட்டார்களின் முதுகும் பக்கமும் பெரும்பாலும் நம் நீலகிரிக் காடுகளில் வளரும் ஈட்டி மரம்தான், தோதகத்தி என்றும் சொல்வோம். அதற்கே இந்த வறட்சி ஒத்துக்கொள்வதில்லை.

நகம். வலது கை நகம் உள்ளங்கைப் பக்கமிருந்து பார்த்தால் சதைக்கு மேல் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். விரல்நுனியின் வளைவையே பின்பற்றி அராவி, 2000 எண் மணல்தாளால் ஓரத்தை வழவழப்பாக்க வேண்டும். மீட்டும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தால் ஓரத்தில் எங்கோ சொரசொரப்பு இருக்கிறது. பள்ளியில் நெட்பால் விளையாடி உடைத்துக்கொண்டு வருவாள், திட்டவேண்டாம். டேபிள் டென்னிஸ் பந்தை நகவடிவில் வெட்டி, நகப் பசையால் உட்புறம் ஒட்டி மேடையேறுகிறவர்கள் உண்டு. இடது கை நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

ஆசிரியரைப் பற்றி. பள்ளியில் கிடைக்கும் இருபது, முப்பது நிமிடப் பகிர்வு வகுப்பு ஆரம்பத்துக்கு ஆகும், இந்த இலக்குக்கு ஆகாது. தனி ஆசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வாரம் எத்தனை பிள்ளைகளுக்கு நைலான் கிட்டார் சொல்லித் தருகிறார், வலது கையை எப்படித் தொடங்குவார், அவருடைய மாணவர் யாராவது ஜூனியர் பிரிவுக்குப் போயிருக்கிறாரா. டிபிஎஸ் சான்றிதழ் (குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு) கேட்பதில் தயக்கம் வேண்டாம், இங்கே அது சகஜம். பயிற்சி இந்த வயதில் நாளுக்கு 45 நிமிடம், இரண்டாகப் பிரித்து. மணிக்கட்டில் வலி வந்தால் பொறுத்துக்கொள் என்று சொல்லாதீர்கள், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பாரே, அதாவது ஒரே விரலைப் படுக்கவைத்துப் பல கம்பிகளை அழுத்திப் பிடிக்கும்போது கட்டைவிரலால் நெரிப்பதுதான் பெரும்பாலும் காரணம். கையின் எடையைப் பின்னுக்கு இழுத்து அழுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜூனியர் பிரிவு உள்ள லண்டன் இசைக் கல்லூரிகள்: ராயல் அகாடமி, ராயல் காலேஜ், கில்ட்ஹால், டிரினிட்டி லபான். நான்கிலும் கிட்டார் இருக்கிறது. சனிக்கிழமை முழுநாள்: தனிப்பாடம், தியரி, காதுப் பயிற்சி, குழு வாசிப்பு. செப்டம்பர் சேர்க்கைக்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் பவுண்டு. வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு, உங்கள் விசா நிலைக்கு அது பொருந்துமா என்று உதவித்தொகையைக் கவனிக்கும் பர்சரி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். தமிழ்ப் பள்ளியும் பரதநாட்டியமும் அநேகமாக அதே சனிக்கிழமைதான். ஞாயிறு நடக்கும் தமிழ்ப் பள்ளியை இப்போதே தேடி வையுங்கள், கடைசி நேரத்தில் எதையாவது பிடுங்கி எறியவேண்டாம்.

படிப்பு கெடுமா என்ற கவலைக்கு: இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு டிஸ்டிங்ஷனுக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் கணக்கிடும் 30 யூகாஸ் புள்ளி, மெரிட்டுக்கு 24, பாஸுக்கு 18. மருத்துவமோ பொறியியலோ போனாலும் விண்ணப்பத்தில் அது நிற்கும், ஆனால் அந்தப் படிப்புகள் பள்ளி இறுதித் தேர்வின் கிரேடைத்தான் பார்க்கும், புள்ளியைக் கணக்கில் எடுப்பது குறைவு. இசைக் கல்லூரிக்கே போக விரும்பினால் கடைசித் தேதியே வேறு: பெரும்பாலான கல்லூரிகளுக்கு இசைக் கல்லூரிச் சேர்க்கைக்கான யூகாஸ் கன்சர்வட்டுவார் வழியாக அக்டோபர் தொடக்கத்தில், கில்ட்ஹாலுக்கு மட்டும் நேரடியாக. பதினாறு வயதில் அவள் மனதில் என்ன இருக்கிறதோ, அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆடிஷன் நாளுக்கு ஒரு குறிப்பு. புதுக் கம்பியை ஒரு வாரம் முன்பே மாட்டிவிடுங்கள். நைலான் சில நாள் இழுத்துக்கொண்டே இருக்கும், முந்தைய நாள் மாட்டினால் ஒவ்வொரு வரிக்கும் சுருதி இறங்கும். முதலில் தேய்வது நான்காம் கம்பி, இரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் மேலே சுற்றிய உலோகக் கம்பி தேய்ந்து பிரியும், அதற்கு மட்டும் ஒரு உதிரி பெட்டியில் இருக்கட்டும். கால்மணையை மறந்து வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.